பி.எஸ்.ஏ. குறைந்துவிட்டது, இந்த உடம்போடு எப்படிக் காலம் தள்ளுவது?

வினா: கொள்ளிடக்கரை (வயது 73) – அதிகாலை 3.20

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறைப் பக்கம் ஓய்வு பெற்ற கணித ஆசிரியன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் இடுப்பு வலி என்று எலும்பு மருத்துவரிடம் போனபோது, எக்ஸ்ரே படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவான பி.எஸ்.ஏ. 214 என்று வந்தது. பிறகு திசுச் சோதனை, எலும்பு ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக நடந்து, புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது என்று உறுதி செய்தார்கள். அறுத்து எடுக்கும் கட்டம் கடந்துவிட்டது, ஆனால் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை லூப்ரோலைட் ஊசி போடுகிறார்கள்; அத்துடன் தினமும் அபிராடெரோன் 250 மி.கி. மாத்திரை நான்கும், பிரெட்னிசோலோன் 5 மி.கி. ஒன்றும் சாப்பிட வேண்டும்.

சென்ற வாரப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 0.9. மருத்துவர் அறிக்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லது சார், இப்படியே போகட்டும்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டும் என்று மனத்திற்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது இந்த வெக்கை. மார்புக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் என்று குப்பென்று ஏறுகிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் வேர்வை ஊற்றிப் பனியன் நனைந்து, அதன் பிறகு குளிர் எடுக்கிறது. இரவில் மட்டும் ஐந்தாறு முறை வருகிறது. மனைவியின் தூக்கம் கெடக்கூடாது என்று, நனைந்த பனியனை ஓசைப்படாமல் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் மடித்து வைத்திருக்கும் வேறொன்றை மாட்டிக்கொள்கிறேன். ஆனால் காலையில் கொடியில் நான்கு பனியன்கள் உலர்வதிலிருந்து அவளுக்குக் கணக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் ஒன்றும் கேட்பதில்லை, நானும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது அசதி. முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தியவன், இன்று குளித்துவிட்டு வந்து வேட்டி கட்டிக்கொள்வதற்குள் கட்டிலில் உட்கார வேண்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. வயிறு பெருத்துத் தொடை சூம்பிவிட்டது. மாலையானால் கணுக்காலில் செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. போதாததற்கு அழுகை வேறு. பேத்தி பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய காணொளியைப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதேன். என் தந்தையார் மறைந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

மூன்றாவது வலி. பகலில் தெரியாமல் இருந்துவிட்டு, படுத்தால் நடு முதுகில் பல்வலி போல ஓயாமல் குடைகிறது. மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி இரவில் ஒன்று போட்டுக்கொள்கிறேன். முன்பொரு முறை மார்பின் என்ற வலிநிவாரணி மருந்தைப் பற்றிய பேச்சு வந்தபோது என் மகன் வெலவெலத்துப் போனான். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். காலையில் வெறும் வயிற்றில் நான்கு மாத்திரைகளை விழுங்கினால் குமட்டுவதால் இட்லி சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்கிறேன். பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு வகை, எலும்பை அரித்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து அதை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து வருகிறேன்.

இவற்றுள் எவை மருந்தோடு வருபவை என்று பொறுத்துக்கொள்ள வேண்டியவை, எவற்றுக்குத் தீர்வு உண்டு, எதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். தாம்பத்தியம் பற்றியும் ஒன்று கேட்க எண்ணினேன்; எழுதக் கை வரவில்லை.


மறுமொழி 1: திருச்சி வாசகர் – காலை 6.05

ஐயா, 214 இருந்த பி.எஸ்.ஏ. 0.9 ஆகியிருக்கிறது என்றால் மருந்து நன்றாகவே கேட்கிறது என்று பொருள். மற்றவை எல்லாம் வயதுக்கு வருபவைதாம். மனத்தைத் தளர விடாதீர்கள்.


மறுமொழி 2: பாளையங்கோட்டை விலங்கியல் (வயது 79) – காலை 9.40

தம்பி, எனக்கு உங்களைவிட ஆறு வயது கூடுதல் என்பதால் இப்படி அழைக்கிறேன். மேலே எழுதிய அன்பர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார் என்றாலும், "வயதுக்கு வருபவை" என்ற அந்த ஒரு சொல்லை நம்பி நான் முழுதாக எட்டு மாதங்களை வீணாக்கினேன். வயதால் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) மெல்ல மெல்லத்தான் குறையும். உங்கள் ஊசி அதைச் சில வாரங்களில் அடிமட்டத்திற்குக் கொண்டுபோய்விடுகிறது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் வெக்கை, சூம்பிய தொடை, பெருத்த வயிறு, அசதி, அழுகை ஆகியவை பெரும்பாலும் அந்த வீழ்ச்சியின் விளைவுகள்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். எனவே இதன் பின்னணியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941-இல், விதைகளை (விந்தகங்களை) நீக்கினாலோ பெண் இயக்குநீர் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஊசி அதே வேலையைக் கத்தியில்லாமல் செய்கிறது. எனக்கு ஊசி போடப்படவில்லை. ஆயுள் முழுக்க ஊசிச் செலவு வேண்டாம் என்று நானே விதைகளை நீக்கும் அறுவையைத் தேர்ந்துகொண்டேன். வழி வேறானாலும் உடம்பு படும் பாடு ஏறத்தாழ ஒன்றுதான்.

வெக்கைக்கு நான் முதலில் செய்த காரியம் ஒரு நாட்குறிப்பு. எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று இரண்டு வாரங்கள் குறித்துப் பார்த்ததில், சூடான காப்பியும் மிளகு ரசமும் என் எதிரிகள் என்று தெரிந்தது. இரவு ஏழு மணிக்குமேல் இரண்டையும் நிறுத்தினேன். படுக்கையில் விரித்திருந்த நைலான் கலந்த விரிப்பை எடுத்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்துப் போட்டேன். நனைந்தால் ஒரு மடிப்பைத் திருப்பிக்கொள்ளலாம், எழுந்து நிற்க வேண்டியதில்லை. இவற்றால் ஓரளவுதான் குறைந்தது. உண்மையான மாற்றம் மருத்துவரிடம் வாய் திறந்த பிறகுதான் வந்தது. மெட்ராக்சிபுரொஜெஸ்டெரோன் மாத்திரை தினமும் 20 மி.கி. வீதம் பத்து வாரங்களுக்கு எழுதினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை வந்தது மூன்று நான்காகக் குறைந்தது. அது ஒத்துவராதவர்களுக்கு வெனலாஃபாக்சின், காபாபென்டின் போன்றவற்றை முயல்வார்கள். எனவே இது தீர்வு உள்ள தொல்லை.

அசதிக்கு ஓய்வு மருந்தாகாது என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். ஆனால் அனுபவத்தில் அதுதான் உண்மையாயிற்று. இந்தச் சிகிச்சையால் வரும் களைப்புக்கு உடற்பயிற்சி அளவுக்கு நிரூபணமான வழி வேறொன்று இல்லை என்று என் மருத்துவர் அடித்துச் சொன்னார். கைப்பிடி உள்ள மர நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஐந்து முறையில் தொடங்கி, நான்கு மாதங்களில் இருபதுக்குக் கொண்டுவந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவேன். தசையை மீட்க நடை மட்டும் போதாது, எடை தூக்குவதும் வேண்டும். ஆனால் உங்களுக்கு முதுகெலும்பில் நோய் இருப்பதால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்காமல் பாட்டிலைத் தொடாதீர்கள். முன்னால் குனிந்து பாரம் தூக்குவதும் உடம்பை முறுக்குவதும் கூடவே கூடாது. இரத்தச் சோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையில் ஹீமோகுளோபின் இறங்குவது வழக்கம்.

கை வராமல் விட்ட கேள்விக்கும் விடை எழுதிவிடுகிறேன். ஆற்றல் மட்டுமல்லாமல் ஆசையே அற்றுப்போகும். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. நான் இதை மறைக்கப்போய், இரவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினேன். தன்மேல்தான் ஏதோ கோபம் என்று என் மனைவி மாதக்கணக்கில் மனத்திற்குள் புழுங்கியிருக்கிறாள். எட்டாவது மாதம் காரணத்தைச் சொன்னபோது, "இதைச் சொல்ல எட்டு மாசமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். உங்கள் வீட்டில் கொடியில் பனியன்களை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.


மறுமொழி 3: ஈரோட்டு மகள் – பகல் 1.15

ஐயா, உங்கள் பதிவில் "நடு முதுகில், படுத்தால் குடைகிறது" என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அப்பாவுக்கும் இதே நோய்தான். ஊசிக்குப் பிறகு டோசிடாக்சல் கீமோ ஆறு முறை, மூன்று வாரத்திற்கு ஒன்றாகப் போட்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒன்றரை ஆண்டு நன்றாகவே இருந்தார். ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம் முதுகுவலி கூடியது. இருமினாலும் முக்கினாலும் வலி நெஞ்சைச் சுற்றி ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல வருகிறது என்றார். போகிக்கு மறுநாள், கால் பஞ்சுமேல் வைப்பதுபோல் இருக்கிறது, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றார். நாங்கள் அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பணியிலிருந்த மருத்துவர் வாயு என்று ஓர் ஊசி போட்டு, விடுமுறை முடிந்ததும் பெரிய மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். காணும் பொங்கலன்று காலையில் அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீரும் போகவில்லை.

நோய் பரவிய எலும்பு தண்டுவடத்தை அழுத்தியிருந்தது என்று பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. உயர்ந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, அன்றே கதிர்வீச்சு தொடங்கினார்கள். வலி போனது. கால் திரும்பவில்லை. சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பவர்கள்தாம் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள் என்று கதிர்வீச்சு மருத்துவர் சொன்னார். எங்களுக்கு இடையில் போனவை இரண்டு நாட்கள்.

ஆகவே வலி புதிதாக இடம் மாறினாலோ கச்சை கட்டியதுபோல் சுற்றி வந்தாலோ, காலில் மரப்பு, தள்ளாட்டம், பலக்குறைவு தெரிந்தாலோ, சிறுநீரோ மலமோ அடைத்துக்கொண்டாலும் தன்னையறியாமல் போனாலும், அன்று தீபாவளியாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "எனக்கு எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறது, தண்டுவட அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். இந்தச் சொற்கள் அன்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று. எலும்பை வலுப்படுத்த ஜோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ உங்களுக்குப் போடுவதாக இருந்தால், அதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்பா அந்த மருந்துக்கு இடையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். தாடைப் புண் ஐந்து மாதம் ஆறவில்லை.


மறுமொழி 4: மதுரைச் செவிலியர் (ஓய்வு) – பகல் 2.50

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். புற்றுநோய் வலிநிவாரணப் பிரிவில் நெடுங்காலம் பணி செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். ஆனால் உங்கள் பதிவின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தாம் என் கண்ணில் முதலில் பட்டன. அவற்றுக்காக அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல், நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அபிராடெரோனும் பிரெட்னிசோலோனும் ஜோடி மருந்துகள். அபிராடெரோன் ஆண் இயக்குநீர் உற்பத்தியைத் தடுக்கும்போது, அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசால் உற்பத்தியும் குறைகிறது. அதை ஈடுசெய்ய மூளை அந்தச் சுரப்பியை மேலும் மேலும் தூண்ட, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும் வேறொரு வகை இயக்குநீர் பெருகிவிடுகிறது. அதனால் இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கித் தசை தளரும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். இதைத் தடுப்பதற்குத்தான் அந்தச் சிறு அளவு பிரெட்னிசோலோன். நண்பர் சொன்னாரென்று அதை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது, குடையை ஒருநாள் விட்டு ஒருநாள் பிடிப்பதுபோல. தினமும் எடுத்து வந்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அடுத்து, இட்லியோடு மாத்திரை. நான்கு மாத்திரை அளவை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், அடுத்த உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் என்று வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். உணவோடு சேர்ந்தால் மருந்து இரத்தத்தில் பல மடங்கு கூடுதலாக ஏறிவிடும். கொழுப்பு மிகுந்த உணவென்றால் பத்து மடங்கு வரைகூட. இந்தக் காரணத்தால்தான் சில மருத்துவர்கள் வேண்டுமென்றே ஒரே ஒரு 250 மி.கி. மாத்திரையைக் காலை உணவோடு எழுதுகிறார்கள், செலவும் குறைகிறது. ஆனால் அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நான்கையும் உணவோடு எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. குமட்டல் தாளவில்லை என்றால் இரவு படுக்கும்போது எடுக்கலாமா என்று கேளுங்கள்.

இவற்றோடு டைக்ளோஃபினாக் வேறு. அதுவும் நீரைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், உங்கள் வயதில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். உங்கள் கால் வீக்கமும், எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது என்ற தளர்ச்சியும் முழுக்க ஊசியின் வேலை என்று நான் நினைக்கவில்லை. இரத்த அழுத்தம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் சோதனை ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ச்சி என்பதால் கால்களின் பலத்தையும் சோதித்துப் பார்க்கட்டும். ஈரோட்டு மகள் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இனி வலி. மார்பின் என்றதும் மகன் பயந்ததில் வியப்பில்லை. வார்டில் தினமும் பார்த்த காட்சிதான் அது. "அவ்வளவுதானா சிஸ்டர், முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார்கள். மார்பின் கொடுப்பது கடைசிக் கட்டத்தின் அறிகுறி ஆகாது. வலியின் கடுமைக்கு ஏற்பக் கொடுப்பது. மாத்திரையாக விழுங்கி, சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும்; எனவே முதல் மாத்திரையோடு சேர்த்தே பேதி மருந்தும் தொடங்க வேண்டும். பலர் மார்பினை நிறுத்தியது வலி குறைந்ததால் அன்று, மலம் போகாததால். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகள் மார்பின் வாங்கவே பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை இளகியிருக்கிறது. ஆனாலும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது என்பதால், எங்கே கிடைக்கும் என்பதை எழுதிக் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி ஓரிடத்தில் நிலைத்திருந்தால், அந்த இடத்திற்கு ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். ஒருநாள் வேலைதான். எலும்பு வலிக்குப் பலமுறை கொடுப்பதற்கு இணையாகவே அது கேட்கிறது. வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் தேவைப்பட்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அடக்கம். உங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.


மறுமொழி 5: இயற்கை வாழ்வு – மாலை 5.30

இத்தனை மாத்திரைகளா? எங்கள் உறவினர் ஒருவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு வைத்தியரிடம் பற்பமும் சூரணமும் வாங்கிச் சாப்பிட்டு நலமாக இருக்கிறார். முகவரி வேண்டுமானால் தனிச் செய்தியில் தருகிறேன்.


மறுமொழி 6: மதுரைச் செவிலியர் (ஓய்வு) – மாலை 6.10

அன்பரே, முகவரி வேண்டாம். அபிராடெரோன் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதோடு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியையும் உலோகப் பற்பத்தையும் சேர்த்தால், கல்லீரல் கெட்டது எதனால் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் ஐயா, நீங்கள் ஏற்கெனவே ஏதாவது கஷாயமோ சூரணமோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.


மறுமொழி 7: கொள்ளிடக்கரை – பதினான்கு நாட்கள் கழித்து, இரவு 8.45

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மறுநாளே போனேன். மருத்துவர் எதிரில் உட்கார்ந்தால் வாய் அடைத்துப்போகும் என்று தெரிந்ததால், நோட்டுத் தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு எழுதி, என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டேன். அவள் வாசித்தாள். "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்ற இடத்தில் மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை, வீட்டுக்கணக்குப் போடாமல் வந்த மாணவனை நான் பார்த்த பார்வை என்று சொல்லலாம். இரத்த அழுத்தம் 172/98. பொட்டாசியம் 3.0. டைக்ளோஃபினாக்கை அங்கேயே நிறுத்தினார். அபிராடெரோனைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து, பொட்டாசியம் கொடுத்து, அழுத்தத்திற்கு மாத்திரை தொடங்கி, எண்கள் சரியான பிறகுதான் மீண்டும் ஆரம்பித்தார். இப்போது இரவு பத்தரைக்கு வெறும் வயிற்றில் நான்கும் போகின்றன. பிரெட்னிசோலோன் தினமும் காலை உணவுக்குப் பின். செருப்புத் தடம் மறைந்துவிட்டது. அசதி கால்வாசி குறைந்திருக்கும். மீதி அப்படியேதான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஏழு முறை ஆகியிருக்கிறது, அண்ணாச்சி.

வெக்கைக்கு நீங்கள் சொன்ன மாத்திரையைத் தர மருத்துவர் தயங்கினார். இரத்த உறைவு வந்த வரலாறு எனக்கு உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் காலில் வந்தது. எனவே இரவில் காபாபென்டின் தொடங்கியிருக்கிறார். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள் என்று எச்சரித்தார். கொடியில் இப்போது இரண்டு பனியன்கள்தாம். கழிவறையில் கைப்பிடி பொருத்த நாளை ஆள் வருகிறார்.

முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை. ஈரோட்டுப் பெண்ணே, அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் உன்னைத்தான் நினைத்தேன். வலியுள்ள இடத்திற்கு ஒரே அமர்வில் கதிர்வீச்சு நேற்று முன்தினம் கொடுத்தார்கள். மகனோடு மருத்துவரே பேசியதால் மார்பினும் பேதி மருந்தும் வீட்டில் இருக்கின்றன. ஆனால் ஒரு ஐயம். கதிர்வீச்சு கொடுத்த பிறகு நேற்றிரவு வலி முன்னைவிடக் கூடிவிட்டது. இது இயல்பா, செவிலியர் அம்மா?


மறுமொழி 8: மதுரைச் செவிலியர் (ஓய்வு) – இரவு 9.20

ஐயா, முதல் சில நாட்களில் வலி இப்படிக் கூடுவது பலருக்கு உண்டு. கதிர்வீச்சு பட்ட இடம் தற்காலிகமாக வீங்குவதால் வருவது, பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். முழுப் பயன் தெரிய மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை மார்பினை, வலி வந்த பிறகு என்றில்லாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி எடுங்கள். காபாபென்டினும் மார்பினும் சேர்ந்தால் மயக்கமும் தூக்கமும் கூடும், மூச்சும் மந்தமாகலாம்; இரண்டும் சேர்ந்து போவது மருத்துவருக்குத் தெரியும்தானா என்று நாளைக் காலை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தட்டி எழுப்பினாலும் விழிக்காத அளவுக்குத் தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். இன்றிரவு படுக்கும் முன் இரண்டு கால் விரல்களையும் அசைத்துப் பாருங்கள், பாதத்தை அம்மாவைத் தொடச் சொல்லி உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம், வண்டியை வரச் சொல்லுங்கள்.